விலங்கைக் குறித்து வெட்கப்படாதவன்

போன வருஷம் ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை. சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன் வாங்க நின்றிருந்தேன். கொடுவாவைத் துண்டு போடச் சொல்லிவிட்டுத் திரும்பினால், நாலு கடை தள்ளி அக்கா. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். கையில் எடுத்திருந்த கெம்போங் மீனை அப்படியே தட்டில் போட்டுவிட்டு, காய்கறிக் கடைகள் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். கையிலிருந்த பை காலி. வந்த வேலை முடியாமலே போகிறார் என்று தெரிந்தது.

நான் கூப்பிடவில்லை. அவருக்குச் சங்கடமாக இருக்கும், கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவதுதான் நாகரிகம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மீன்காரர் பையை நீட்டினார். பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். அன்றைக்கு நான் காட்டிய அந்த நாகரிகத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் வேணாம். மத்ததெல்லாம் எழுது" என்றார்.

எங்கள் சபையில் இருபது வருஷமாக நானும் அவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள். என் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது என் அம்மா ஊரில் படுக்கையில் கிடந்தார். பத்தியக் குழம்பும் பூண்டு ரசமும் தினமும் ஈசூனில் இரண்டு பஸ் ஸ்டாப் தூரம் நடந்து கொண்டுவந்து கொடுத்தவர் அக்கா. பள்ளிக்கூடக் கேன்டீனில் தோசைக் கடையில் வேலை. காலை நாலரைக்கு எழுவார். கணவர் தவறியபோது மகனுக்குப் பதினொரு வயது. அந்த மகன் இருபத்தாறு வயதில் போதைப்பொருள் விவகாரத்தில் பிடிபட்டான். சட்டவிரோதமாக வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஆ லோங்கிடம் அவன் வாங்கியிருந்த கடனுக்காக யாரோ ஓர் இரவில் வந்து வீட்டுக் கதவில் சிவப்புப் பெயின்டை ஊற்றிவிட்டுப் போனார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா விரல் நகத்தில் ஒட்டிய பெயின்டோடு ஆராதனைக்கு வந்திருந்தார். தின்னர் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

மாதர் ஐக்கியத்தின் ஜெபக் குறிப்புகளை வாட்ஸாப்பில் போடுவது என் பொறுப்பு. போதகர் சொன்னபடி, "ஒரு சகோதரியின் மகனுக்காக, விடுதலைக்காக" என்று எழுதினேன். பெயர் போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். கூப்பிய கைகள் வந்து விழுந்தன. பின்னால் ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன், நாற்பத்து மூன்று. அந்த நாற்பத்து மூன்று பேரில் எத்தனை பேர் அக்காவுக்குப் போன் செய்தார்கள் என்று பிறகு அவரிடமே கேட்டேன். ஒருவரும் இல்லை. நானும் இல்லை.

போன் வரவில்லையே தவிர, பேச்சு வந்தது. மூன்றாவது வாரம் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, வயதில் மூத்த ஒரு சகோதரி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நீதிமொழிகள் 22:6 சொன்னாராம். பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான். ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார், கெட்ட மனசு கிடையாது. ஆனால் விடியுமுன் எழுந்து மாவு கரைத்து, தனியாளாகப் பிள்ளையை வளர்த்த ஒருத்தியின் காதில் அந்த வசனம் எப்படி விழும்? நீ நடத்தவில்லை, அதனால் அவன் விட்டான் என்றுதான் விழும். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் தரையில் வாய் திறக்காமல் அவனோடு உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். பேச ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

அடுத்த வாரம் அக்கா கடைசி வரிசைக்கு மாறினார். பிறகு ஆசீர்வாதம் கூறுமுன்பே எழுந்து போக ஆரம்பித்தார். பிப்ரவரியோடு வருவதும் நின்றுவிட்டது. போன் நம்பரையும் மாற்றிவிட்டார். ஆ லோங் ஆட்கள் அந்த நம்பருக்குத்தான் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தார்களாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சபை இரக்கம் இல்லாத சபை கிடையாது. 2020 ஏப்ரலில் சர்க்யூட் பிரேக்கர் என்ற கோவிட் ஊரடங்கு வந்து, வெளிநாட்டு ஊழியர் விடுதிகளெல்லாம் மூடப்பட்டபோது, எங்கள் மாலை ஆராதனைக்கு வரும் தம்பிமார் பலர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தூத்துக்குடி, நாகர்கோவில், ராமநாதபுரம் பிள்ளைகள். அப்போது நாங்கள் ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. போனுக்கு டாப் அப், ஊறுகாய், பிஸ்கட், தினமும் ஆளுக்கு ஐந்து தம்பிகளுக்கு வீடியோ கால் என்று பங்கு போட்டுக்கொண்டோம். அறுபது வயது ஐயாமாரெல்லாம் ஸூம் பழகினார்கள். அவ்வளவு செய்த நாங்கள் அக்காவுக்கு ஒன்றும் செய்யவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்தேன். கிருமி வந்தால் அதில் அவமானம் ஏதும் இல்லை. விடுதியில் அடைபட்டவன்மேல் ஊரே பரிதாபப்பட்டது. அக்காவுக்கு வந்தது வேறு மாதிரிக் கஷ்டம், பக்கத்தில் போனால் நம்மேலும் ஒட்டிக்கொள்ளும் என்று தோன்றவைக்கிற கஷ்டம்.

ஆகஸ்டு கடைசியில் மாதர் ஐக்கியக் கூட்டத்தில் வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. இரண்டாம் தீமோத்தேயு முதலாம் அதிகாரம். நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். எதையும் சபையில் வாசிக்குமுன் வீட்டில் ஒருமுறை உரக்க வாசித்துப் பார்ப்பேன். சமையலறை மேசையில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே வந்தவள் பதினாறாம், பதினேழாம் வசனங்களில் நின்றுவிட்டேன். ஒநேசிப்போரு என்ற ஒருவனைப் பற்றிப் பவுல் சொல்கிறார்: "என் விலங்கைக்குறித்து அவன் வெட்கப்படவுமில்லை; அவன் ரோமாவில் வந்திருந்தபோது அதிகமாய் என்னைத் தேடிக் கண்டுபிடித்தான்."

எத்தனையோ தடவை கடந்துபோன வசனம்தான். அன்றைக்கு அந்த 'அதிகமாய்' என்ற சொல் தொண்டையில் சிக்கியது.

பவுல் அப்போது கைதி. அந்தக் காலத்து ரோமச் சிறையில் கைதிக்கு வேண்டிய சாப்பாடு, துணி எல்லாம் பெரும்பாலும் உறவும் சிநேகிதரும் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் உண்டு. அதே நிருபத்தின் கடைசியில், துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவனிடம் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவா, மாரிகாலத்துக்குமுன் வந்துசேர் என்று தீமோத்தேயுவிடம் கேட்கிறார். எவ்வளவு பெரிய அப்போஸ்தலர், அவருக்குக் குளிர்கிறது, ஒரு போர்வை மாதிரி அங்கிக்காக எழுதுகிறார். ஆசியா நாட்டிலிருக்கிற யாவரும் என்னை விட்டு விலகினார்கள் என்று பதினைந்தாம் வசனத்திலேயே சொல்லியாகிவிட்டது. விலகினவர்கள் எல்லோரும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். அவர்களில் பலர் எபேசுவிலே உட்கார்ந்து பவுலுக்காக ஜெபம் செய்துகொண்டுதான் இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒநேசிப்போருவின் ஊரும் எபேசு பக்கம்தான். அவன் கடல் தாண்டி ரோமாவுக்கு வந்து, அவ்வளவு பெரிய பட்டணத்தில் பவுல் எங்கே என்று விசாரித்திருக்கிறான். சிறைப்பட்டவனைப் பற்றி விசாரித்தால் நீ யார், உனக்கும் அவனுக்கும் என்ன என்று அவனையும் நிறுத்திக் கேட்டிருப்பார்கள். கேட்கட்டும் என்று தேடியிருக்கிறான்.

கூட்டத்தில் அந்த இரண்டு வசனங்களையும் வாசித்தேன். குரல் சரியாக வரவில்லை. முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அக்காவின் பழைய ப்ளாக்குக்குப் போனேன். வேறு குடும்பம் இருந்தது. கதவு புதிதாக நீலம் அடித்திருந்தது. கீழே வாய்ட் டெக் என்கிற திறந்த தரைத்தளத்தில் இருக்கும் மாமா கடையில் கேட்டேன். "வீட்டை வித்துட்டாங்கம்மா, சாய் சீ பக்கம்னு கேள்வி" என்றார் கடைக்காரர். சாய் சீயில் எத்தனை ப்ளாக்குகள்! பிறகு அவர் வேலை பார்த்த கேன்டீனில் கூட இருந்த ஒருவரைப் பிடித்து, ப்ளாக் நம்பர் மட்டும் கிடைத்தது. மாடி தெரியாது, வீட்டு நம்பர் தெரியாது.

சரி, நடந்துதான் பார்ப்போம் என்று அடுத்த சனிக்கிழமை இரண்டாம் மாடியிலிருந்து ஆரம்பித்தேன். நீளமான தாழ்வாரம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் செருப்பு ரேக், சைக்கிள், சாமி மேடை, துணி காயும் ஸ்டாண்ட். அக்காவின் ஈசூன் வீட்டு வாசலுக்கு மேலே, "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்ற மரப்பலகை இருக்கும். அவர் கணவர் வாங்கி மாட்டியது. அதைத் தேடிக்கொண்டே ஆறு மாடி ஏறினேன். மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்குத் திரும்பிவிட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை எட்டாம் மாடியில் கண்டுபிடித்தேன். பலகை இல்லை. வாசலில் ஒரு பெரிய மைலோ டின்னில் கறிவேப்பிலைச் செடி. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு ரசத்துக்கு இலை கிள்ளிப் போட்ட அதே செடி, தண்டு மட்டும் கட்டைவிரல் பருமனுக்கு வந்திருந்தது.

மரக்கதவைத் திறந்தார், கிரில் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கமிருந்தே என்னைப் பார்த்தார்.

"யாரு அனுப்பினா?"

"யாரும் அனுப்பலக்கா. நான்தான் வந்தேன்."

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

"தேடினேன்."

கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சாவியை எடுக்க உள்ளே போனார். சாவி கைக்கு அகப்படவில்லை போலிருக்கிறது, இழுப்பறைகளைத் திறந்து மூடும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார்.

உள்ளே போனதும் மன்னிப்புக் கேட்டேன். தேக்காவில் பார்த்ததைச் சொன்னேன். "நானுந்தானே ஓடிட்டேன்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. மரப்பலகை டிவிக்குப் பக்கத்தில் தரையில், சுவரில் சாய்த்து வைத்தபடி இருந்தது. ஆணி அடிக்கவில்லை.

நாங்கள் கோப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு மாக்சிக், வயதான மலாய் அம்மா, ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்து கேட்டில் தட்டினார். உள்ளே லொந்தோங், சோற்றுக் கட்டியும் குழம்பும். அக்கா குடிவந்த இரண்டாவது வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ ஏதாவது ஒன்று வந்துவிடுமாம். மகன் எங்கே என்று மாக்சிக் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஒருநாள் அக்காவே சொன்னாராம். மாக்சிக் அக்காவின் தோளைத் தடவிக்கொடுத்துவிட்டு, பையனுக்கு என்ன பிடிக்கும், வெளியே வந்ததும் சமைத்துத் தருகிறேன் என்றாராம். பையனுக்கு பகெடில், அந்த உருளைக்கிழங்கு வடை, பிடிக்கும் என்று மாக்சிக்குக்குத் தெரியும். இருபது வருஷம் ஒரே வரிசையில் உட்கார்ந்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

கலாத்தியர் 6:10 எங்கள் சபையில் அடிக்கடி அடிபடும் வசனம். நமக்குக் கிடைக்கும் சமயத்திற்குத்தக்கதாக யாவருக்கும், விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும், நன்மைசெய்யக்கடவோம். இந்த 'விசேஷமாக' என்பதைப் பிடித்துக்கொண்டு, நம்மவருக்கு மட்டும் செய்தால் போதும் என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படி வாசிக்கவில்லை. 'யாவருக்கும்' என்பது முதலில் இருக்கிறது, அதில் மாக்சிக்கும் இருக்கிறார், அவருக்கும் நான் கடன்பட்டவள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் சகோதரி, சகோதரி என்று வாயாரக் கூப்பிட்டுவிட்டு, அந்தச் சகோதரிக்கு வீட்டில் யார் சமைத்துப் போடுகிறார்கள் என்றுகூட விசாரிக்காமல் இருந்தால், அந்த வார்த்தையை நாம் சும்மாதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். யாக்கோபு இதைத்தான் கேட்கிறார். உடுத்த இல்லாதவனிடம் சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று சொல்லி அனுப்பினால் பிரயோஜனம் என்ன?

அக்காவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பணம் என்பார், அரிசி, பால் மாவு என்பார் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மாசத்துல ஒருநாள் சாங்கிக்குக் கூட வர்றியா? போகும்போது தெரியல. திரும்பி வரும்போதுதான் தனியா பஸ்ல உக்கார முடியல" என்றார். மகன் இருக்கும் சிறை சாங்கியில்.

அக்டோபரிலிருந்து போகிறோம். நான் ஈசூனிலிருந்து சிட்டி ஹாலில் மாறி தானா மேரா வந்து இறங்குவேன். கீழே பஸ் ஸ்டாப்பில் அக்கா காத்திருப்பார். அங்கிருந்து இரண்டாம் நம்பர் பஸ். அக்கா நல்ல உடுப்பாகப் போடுவார், பெரும்பாலும் அந்த வாடாமல்லிக் கலர் சுடிதார், கொஞ்சம் பவுடர். "நான் வாடிப் போயிருந்தா அவன் உள்ள உக்காந்து யோசிப்பான்" என்பார். அடையாள அட்டையைத் தவிர மற்றதையெல்லாம் என்னிடம் கொடுத்துவிடுவார். போன், பர்ஸ், குடை. நான் உறவு இல்லை, என் பெயர் பதிவில் இல்லை, அதனால் உள்ளே போக முடியாது. அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பேன். அதுதான் என் வேலை.

முதல் தடவை அவர் வெளியே வந்தபோது என்ன கேட்பது என்று தெரியாமல் பேசாமல் இருந்தேன். பஸ் ஸ்டாப் வரும்வரை அவரும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெலிபோனைப் பிடிச்சுக்கிட்டு, சாப்பிட்டியாம்மான்னு அவன் என்னைக் கேக்குறான்." மறுபடி கொஞ்ச நேரம் கழித்து, "முடி வெட்டிவிட்டிருக்காங்க. அவங்க அப்பா மாதிரியே இருக்கான்."

திரும்பும் பஸ்ஸில் உடனே ஏறுவதில்லை. எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி சாங்கி வில்லேஜ் ஹாக்கர் சென்டருக்குப் போய் நாசி லெமாக் சாப்பிடுவோம். கடல் காற்று வாங்குவோம். அவருக்குப் பேசத் தோன்றினால் பேசுவார், இல்லாவிட்டால் இல்லை.

நவம்பரில் ஒருநாள், வழியிலேயே இருக்கும் சாங்கி சேப்பல் அருங்காட்சியகத்தில் இறங்கினோம். அக்கா அதுவரை உள்ளே போனதில்லை. சாங்கி என்றால் அவருக்கு இப்போது மகன் இருக்கும் இடம் மட்டும்தான். அங்கேதான் எத்தனை அம்மாக்களின் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள் என்று பார்த்தோம். 1936-ல் 600 பேருக்காகக் கட்டிய சிறையில், ஜப்பானியர் காலத்தில் ஏறத்தாழ 3,000 சிவிலியன்களை அடைத்து வைத்திருந்தார்கள்.

வெளியே முற்றத்தில் இருக்கும் சிறிய ஜெப ஆலயத்தின் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த இரண்டு கதைகளை அக்காவுக்குச் சொன்னேன். ஒன்று, ஆண்ட்ரூ ஒகாவாவின் கதை. 1942-ல் சிங்கப்பூர் விழுந்தபோது ஆங்கிலிக்கன் பேராயராக இருந்தவர் லெனார்டு வில்சன். மற்ற ஆங்கிலேயர்களைப்போல் அவரும் உடனே சிறைக்குப் போயிருக்க வேண்டியவர். ஜப்பானிய நிர்வாகத்தில் இருந்த ஒகாவா என்ற அதிகாரி, அவரும் ஆங்கிலிக்கன் விசுவாசி, வில்சனும் இரண்டு குருமாரும் வெளியே இருந்து ஊழியம் செய்ய அனுமதி வாங்கிக் கொடுத்தார். 1943 மார்ச் வரை அது நடந்தது. போடப்பட்டிருக்கும் சீருடை என்ன, எதிராளி யார், தன்னைப் பற்றி மேலதிகாரிகள் என்ன நினைப்பார்கள் என்று ஒகாவா யோசித்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்கு வில்சன் விசுவாச குடும்பத்தார்.

இன்னொன்று எலிசபெத் சோய் கதை. அவரும் கணவரும் மருத்துவமனையில் கேன்டீன் நடத்தினார்கள். கேன்டீன் என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். சாங்கியில் அடைபட்டவர்களுக்காக உணவு, மருந்து, பணம், கடிதம் என்று மறைத்து அனுப்பி உதவினார்கள். 1943 செப்டம்பரில் துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதும், சிறையிலிருப்பவர்கள்தான் உளவு சொன்னார்கள் என்று ஜப்பானிய ராணுவப் போலீஸ் சந்தேகப்பட்டது. அக்டோபர் 10-ம் தேதி ஆரம்பித்த அந்த வேட்டையில் 57 பேரைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். 15 பேர் இறந்தார்கள். பேராயர் வில்சனும் பிடிபட்டு அடிபட்டு உயிர் பிழைத்தவர். முதலில் எலிசபெத்தின் கணவரைக் கொண்டுபோனார்கள், பிறகு நவம்பரில் எலிசபெத்தையும். ஏறக்குறைய 200 நாட்கள் ஆர்ச்சர்ட் ரோட்டிலிருந்த ஒய்எம்சிஏ கட்டடத்தில் வைத்து வதைத்தார்கள். பழைய கட்டடம் இப்போது இல்லை. டோபி காட்டில் இறங்கினால் அதே இடத்தில் புது ஒய்எம்சிஏ நிற்கிறது. போருக்குப் பிறகு அவர் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கத் திரும்பினார், சட்டமன்றத்தில் உட்கார்ந்தார், பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்குத் தலைமை ஏற்றார். 2006-ல் காலமானார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவங்க பிடிச்சவங்க குத்தம் செஞ்சவங்க இல்ல. எம்மவன் செஞ்சவன்" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. உண்மைதான், பவுலும் வில்சனும் நீதியினிமித்தம் பட்டவர்கள். ஆனால் "காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்" என்று மத்தேயு 25-ல் ஆண்டவர் சொல்லும்போது, என்ன குற்றத்துக்காகக் காவல் என்று ஒரு வார்த்தை இல்லையே என்றேன். அக்கா தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. சிலுவையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, பஸ் வந்துவிடும் என்று எழுந்தார்.

சபையில் மெதுவாகச் சிலது மாறியிருக்கிறது. முதலில் போதகரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் மறுநாளே சாய் சீக்குப் போய் வந்தார். வசனம் எதுவும் சொல்லாமல், கறிவேப்பிலைக்கு உரம் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். அக்காவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கிலவுதியு ராயனின் நாளில் யூதேயாவில் பஞ்சம் வந்தபோது அந்தியோகியா சபையார் "தங்கள் தங்கள் திராணிக்குத்தக்கதாக" பணம் சேர்த்து பர்னபா, சவுல் கையில் அனுப்பினார்கள் என்று அப்போஸ்தலர் 11-ல் இருக்கிறது. அந்தச் சொல்லை வைத்துத்தான் மாதர் ஐக்கியத்தில் பேசினேன். பெயர் சொல்லாமல் ஒரு உண்டியல் ஆரம்பித்தோம். ஐந்து வெள்ளியும் வருகிறது, நூறு வெள்ளியும் வருகிறது. யார் போட்டார்கள் என்று எழுதிவைப்பதில்லை. மேடைக்குக் கூப்பிட்டு உறை கொடுத்துப் போட்டோ எடுக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி நான் கொஞ்சம் சண்டையே போட்டேன். வாங்குகிறவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும் ஏன் என்று. சிங்கப்பூரில் 2004-லிருந்து மஞ்சள் ரிப்பன் கட்டி, சிறையிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் சபை நடந்துவரக் கூடாது என்பது என் ஆதங்கம்.

ஜெபக் குறிப்பை இன்றும் நான்தான் போடுகிறேன். ஜெபிப்பதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். அக்காவை எட்டாம் மாடி வரை தேடிப் போக வைத்ததும் அதுதான் என்று நம்புகிறேன். இப்போது ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே இன்னொரு வரி சேர்க்கிறேன்: இந்த வாரம் போய்ப் பார்ப்பது யார்? இருவர் பெயர் வரும்வரை அடுத்த குறிப்புக்குப் போவதில்லை. கூப்பிய கைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. சிலருக்கு என்மேல் வருத்தம், நெருக்குகிறேன் என்று. இருக்கட்டும். போன மாதம் டயாலிசிஸுக்குப் போய்வரும் ஓர் ஐயா வீட்டுக்கு இரண்டு பேர் போனபோது, மூன்று மாதமாக வீட்டில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது தெரியவந்தது. அவர் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு வந்தவர்தான். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வசனம் சொன்ன அந்த மூத்த சகோதரியும் ஒருநாள் என்னோடு சாய் சீக்கு வந்தார். அவர் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வருவதற்குள் இருவரும் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா ஈஸ்டருக்கு ஆராதனைக்கு வந்தார். கடைசி வரிசைதான். நானும் கடைசி வரிசைக்கு மாறிவிட்டேன். மகன் வெளியே வர இன்னும் மாதங்கள் இருக்கின்றன.

வருகிற சனிக்கிழமை மறுபடியும் சாங்கி. எட்டே முக்காலுக்குத் தானா மேரா வருகிறேன் என்று நேற்று போனில் சொன்னேன். வைக்கப் போகும்போது, "உன் வீட்டுக்காரர்ட்ட டிரில் மெஷின் இருக்குல்ல? சாயந்திரம் அவரையும் வரச் சொல்லு. அந்தப் பலகையை மாட்டணும்" என்றார். வாசலுக்கு வெளியிலா உள்ளேயா என்று நான் கேட்கவில்லை. இரண்டுக்கும் ஆகிற மாதிரி நீள ஆணியாக எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.